பல வருடம் நின்றுபோன லாரியை மறுபடி ஓட வைப்பது: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது

கொல்லையிலோ குவாரி ஓரத்திலோ பத்துப் பதினைந்து வருடம் நின்ற டாடா 1210, லேலண்ட் கோமெட் மாதிரி வண்டியை வாங்கிவிட்டு, எங்கே ஆரம்பிப்பது என்று நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் இதுவரை நான்கு வண்டிகளை எழுப்பியிருக்கிறேன். கூட வேலை பார்த்த பையன்களும் யோசனை கேட்டு வந்தவர்களும் தடுக்கி விழுந்தது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வண்டி வந்த அன்றைக்கே இஞ்சின் சத்தம் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் வண்டிக்கு இரவல் பேட்டரி மாட்டி, கேனிலிருந்து டீசல் கொடுத்தேன். நாலாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் கியரைப் போட்டேன், நகர்ந்தது. பிரேக்கை மிதித்தால் மிதி பலகை வரைக்கும் போனது. காம்பவுண்டுச் சுவரில் எட்டடியும் அதற்கு அந்தப் பக்கம் இருந்த மாட்டுத் தொட்டியும் போயின. மாடு அப்போது மேய்ச்சலில் இருந்தது, அவ்வளவுதான் அதிர்ஷ்டம்.

அதனால் என் வரிசை இது: வண்டியை நிறுத்துகிற உறுப்புகள் முதலில், ஓட்டுகிற உறுப்புகள் அடுத்து, பெயிண்ட் கடைசியில்.

1. வாங்கும் முன்: நம்பரும் சேஸிஸும்

ஆர்சி புத்தகத்தில் உள்ள இஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் குத்தியிருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பழைய லாரியில் இஞ்சின் மாற்றியிருப்பது சாதாரணம். அது புத்தகத்தில் ஏறாமல் இருந்தால் பின்னால் அலைச்சல்.

சேஸிஸ் நம்பர் துருவுக்குள் மறைந்திருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் எழுத்து வரும். கிரைண்டரை அங்கே கொண்டுபோகவே கூடாது. ஒரு பையன் துருவோடு சேர்த்து கடைசி இரண்டு எழுத்தையும் சீவிவிட்டான். நம்பர் அழிந்த சேஸிஸ் சட்டத்தின் கண்ணில் திருட்டு வண்டி மாதிரிதான். எழுத்து தெரிந்ததும் வெள்ளைத் தாள் வைத்து பென்சில் அச்சு எடுத்துக்கொண்டு, மேலே கிரீஸ் பூசி விடுங்கள்.

சரக்கு வண்டி 8 வருடம் தாண்டினால் வருடாவருடம் எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். '50 வருடம் ஆன வண்டிக்குத் தனிப் பதிவு உண்டாமே' என்று சிலர் கேட்கிறார்கள். 2021-ல் வந்த அந்த விதி சொந்த உபயோக வண்டிகளுக்கானது. அதில் பதிந்த வண்டியை வாடகைக்கோ தினசரி ஓட்டத்துக்கோ எடுக்க முடியாது. லோடு அடித்துச் சம்பாதிக்கும் எண்ணம் இருந்தால் அந்த வழியை மறந்துவிடுங்கள்.

அப்புறம் சேஸிஸின் நீளம் முழுக்கச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், அரித்த இடம் சொத்தென்று கேட்கும். கமான் பட்டை பிராக்கெட்டைச் சுற்றியும் ரிவெட் ஓரங்களிலும் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பாரம் முழுக்க அந்த இடத்தில்தான் இறங்குகிறது. இஞ்சின் ஜாமாகியிருந்தால் பரவாயில்லை, சேஸிஸ் முறுக்கியிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

2. இடம், கட்டை, ஸ்பேனர்

கான்கிரீட் தரை கிடைத்தால் நல்லது. திருமங்கலம் பக்கம் மாதிரி கரிசல் மண்ணாக இருந்தால், ஜாக்கிக்கு அடியில் அரை அங்குல இரும்புத் தகடும் அதன் கீழ் பலகையும் போடாமல் தூக்கக் கூடாது. காய்ந்த கரிசல் காலையில் கல் மாதிரி நிற்கும். ஒரு மழை பெய்தால் ஜாக்கி தானாக உள்ளே இறங்கும்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்குக் கட்டை. பழைய ரயில் கட்டைத் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஆக்சிலுக்கு அடியில் கொடுத்த பிறகுதான் உடம்பு வண்டிக்குக் கீழே போகலாம். எங்கள் கொட்டகையில் ஒரு பெரியவர் இருந்தார். கீழே கால் தெரிந்தால் உடனே குரல் கொடுப்பார்: “தம்பி, கட்டை போட்டியா?” “போட்டாச்சுண்ணே.” “எட்டி உதைச்சுப் பாத்தியா?” உதைத்து அசையாத கட்டைதான் அவருக்குக் கட்டை.

ஸ்பேனர் விஷயத்தில் புதியவர்கள் நிறையப் போல்ட்டைக் கெடுக்கிறார்கள். டாடா வண்டி ஜெர்மன் வழி வந்தது, அதற்கு மில்லிமீட்டர் செட். பழைய லேலண்ட் இங்கிலாந்து வழி, பெரும்பாலும் இன்ச் செட். 11/16 இன்ச் போல்ட் தலை கிட்டத்தட்ட 17.5 மில்லிமீட்டர். அதில் 17 ஏறாது, 18 ஏறும், ஆனால் துருப்பிடித்த போல்ட்டில் ஒரே இழுப்பில் தலையை உருண்டையாக்கிவிடும். உருண்டுபோன ஒரு தலையைக் கழற்ற அரை நாள் போகும். வண்டி எதுவோ அதற்குரிய செட்டை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

ஒவ்வொன்றையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள், கழற்றியதைத் தனித்தனி டப்பாவில் போட்டு பேர் எழுதுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பாகம் கிடைக்காமல் பத்து நாள் நின்றால் எல்லாம் மறந்துவிடும்.

3. சக்கரமும் பிரேக்கும்

இந்த இடத்தில் அவசரமே வேண்டாம். மொத்த வேலை நாளில் பாதி இதற்கே போகட்டும்.

முதல் வேலை காற்றை இறக்குவது. பழைய லாரி டிஸ்க்கில் (டயர் உட்காரும் இரும்புச் சக்கரம்) டயரைப் பிடித்திருப்பது லாக் ரிங் என்ற ஓர் இரும்பு வளையம். துரு ஏறிய ரிங், காற்று இருக்கும்போது தெறித்தால் ஆளை அடித்துவிடும். வால்வு ஊசியைக் கழற்றி, பின்னால் ஜோடியாக இருக்கும் இரண்டு டயரிலும் காற்று முழுக்கப் போன பிறகுதான் வீல் நட்டில் கை வைக்க வேண்டும். திரும்பக் காற்று அடிக்கும்போது இரும்புக் கூண்டு வைத்திருக்கும் பஞ்சர் கடையாகப் பார்த்துப் போங்கள். கூண்டு இல்லாத கடைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

நட்டைக் கழற்றும் முன் ஸ்டட் நுனியைப் பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் இடது பக்கச் சக்கரத்துக்குத் தலைகீழ் மரை இருக்கும், நுனியில் எல் என்று குத்தியிருப்பார்கள். தெரியாமல் நாலடி குழாயை மாட்டி ஏறி மிதித்து, இறுக்கி இறுக்கியே ஸ்டட்டை ஒடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிரம் வரவில்லை என்றால் சுத்தியலால் விளாச வேண்டாம். வார்ப்பிரும்பு, வெடித்துவிடும். உள்ளே ஷூவின் ஓரம் டிரம்மில் தேய்ந்த பள்ளத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிலும் மரச் சுத்தியலால் தட்டினால் இறங்கிவிடும்.

உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பட்டறைகளில் யாரும் செய்வதில்லை. நீங்கள் செய்யுங்கள்.

அடுத்து, உங்கள் வண்டியில் எந்த மாதிரி பிரேக் என்று பாருங்கள். சிலவற்றில் ஆயில் பிரேக்குக்கு பூஸ்டர் துணை இருக்கும், சிலவற்றில் முழுக் காற்று பிரேக்.

ஆயில் பிரேக் என்றால் வீல் சிலிண்டரைப் பிரித்து உள்ளே விரல் விட்டுத் தடவுங்கள். சொரசொரப்பாகக் குழி தட்டினால் ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை. புது ரப்பரை அந்தக் குழி பத்து நாளில் தின்றுவிடும். சிலிண்டரையே மாற்றுங்கள், கிடைக்காவிட்டால் லேத்தில் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் இஞ்சின் ஆயிலை ஊற்றுவது இன்னொரு பழைய தப்பு. ரப்பரெல்லாம் ஊதிப் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பித்துப் பக்கத்துக்கு வாருங்கள். நீளமான குழாயில் சிக்கிய காற்று முதலில் போகட்டும்.

காற்று பிரேக் என்றால் சேம்பர் டயஃப்ரம், ஹோஸ்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் ஹோஸை மடக்கிப் பாருங்கள், உள்ளே வெடித்திருப்பது தெரியும். காற்று டேங்கின் அடி வால்வைத் திறந்தால் துருத் தண்ணீர் கொட்டும். அது முழுக்க வடிந்து, டேங்கும் உள்ளுக்குள் அரிக்காமல் இருந்தால்தான் மேலே போகலாம்.

ஹப் பேரிங்கையும் இப்போதே கழுவிப் பார்த்துவிடுங்கள். உருளையில் நீலமோ புள்ளியோ இருந்தால் மாற்றுங்கள். பேரிங் முகத்தில் பொறித்த எண்ணைச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள், வண்டி பேர் தேவையே இல்லை. ஆயில் சீலுக்கு உள்வட்டம், வெளிவட்டம், தடிமன் மூன்றும் போதும்.

4. இஞ்சினைக் கையால் சுற்றுவது

செல்ஃபை (ஸ்டார்ட்டர் மோட்டார்) தொடாதீர்கள். கயிறு கட்டி டிராக்டரால் இழுப்பது அதைவிட மோசம். ரிங் பிஸ்டனோடு ஒட்டியிருக்கலாம், ஏதாவது ஒரு வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். பலமாகச் சுற்றினால் புஷ் ராட் வளையும், பிஸ்டன் வால்வை இடிக்கும்.

சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றி, டீசல் பம்ப் குழாய் வாய்களை உடனே மூடிவிடுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பம்ப் கடைக்குத் தண்டம். நாசில் ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலும் இஞ்சின் ஆயிலும் சரிபாதியாகக் கலந்து நூறு மில்லி மாதிரி விடுங்கள். நாலைந்து நாள் ஊறட்டும். இடையில் ராக்கர் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வால்வு தலையையும் மரக் கைப்பிடியால் தட்டினால் இறங்கி எழும்புகிறதா பாருங்கள். எழும்பாத வால்வுக்கும் அதே கலவை.

அப்புறம் முன் புல்லி நட்டில் பெரிய பாக்ஸ் ஸ்பேனர் மாட்டி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெதுவாக அசையுங்கள். முதலில் கால் அங்குலம் நகரும், அடுத்த நாள் அரை அங்குலம். எங்கள் மூன்றாவது வண்டி ஒன்பதாம் நாள்தான் முழுச் சுற்று வந்தது. நாசில் ஓட்டைகளிலிருந்து கறுப்பு ஆயில் குழம்பு மாதிரி வழிந்தது. முழுச் சுற்று வருவதற்குள் நாசிலைத் திரும்ப மாட்டக் கூடாது. பிஸ்டன் மேல் தேங்கிய ஆயில் அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும்.

இரண்டு வாரத்துக்கு மேலும் அசையவில்லை என்றால் ஹெட்டை இறக்கி விடுங்கள். பிடிவாதம் வேண்டாம்.

5. டீசல் வழி

டேங்கைக் கீழே இறக்காமல் கழுவ முடியாது. அடியில் துருவும் தண்ணீரும் பச்சைப் பாசி மாதிரி ஒரு கசடும் இருக்கும். சரளைக் கல் இரண்டு படி போட்டு, டீசல் கொஞ்சம் விட்டு, மூடி உருட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் முழுக்கக் காய வையுங்கள். ஓட்டை டேங்கை அப்படியே வெல்டிங் கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள். காலி டேங்கில்தான் ஆவி நிறைய இருக்கும், அதுதான் வெடிக்கும்.

நாசிலையும் பம்பையும் பம்ப் கடையில் கொடுத்து டெஸ்ட் பண்ணுங்கள். இதில் காசைப் பார்க்காதீர்கள். முக்கியமான காரணம் புகையோ மைலேஜோ இல்லை. பல வருடம் நின்ற பம்பில் உள்ளே டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற தண்டு நடுவில் ஒட்டிக்கொள்ளும். அது முழு டீசல் பக்கம் ஒட்டியிருந்தால் இஞ்சின் ஸ்டார்ட் ஆன நொடியில் வேகம் ஏறிக்கொண்டே போகும், ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது. ஸ்டாப் லீவரும் ஆக்சிலரேட்டர் லீவரும் தடையில்லாமல் போய்த் திரும்புகின்றனவா என்று மாட்டியபின் கையால் பாருங்கள்.

ஏர் கிளீனர் ஆயில் போடுகிற மாதிரி என்றால், கிண்ணத்தில் உள்ள கோட்டுக்கு மேல் ஊற்றக் கூடாது. அதிகமான ஆயிலை இஞ்சின் உறிஞ்சினாலும் இதே கதைதான். அது டீசலை வெட்டினாலும் நிற்காது.

காற்று எடுப்பது டேங்க் பக்கத்திலிருந்து இஞ்சின் பக்கமாக. ஃபில்டர் ஸ்குருவைத் தளர்த்தி ஹேண்ட் பிரைமரை அடியுங்கள், குமிழி நின்று டீசல் கோடாக வந்ததும் இறுக்குங்கள். அடுத்து பம்ப் ஸ்குரு. கடைசியில் நாசில் நட். வரிசை மாறினால் பின்னால் இருக்கும் காற்று மறுபடி முன்னால் வந்துவிடும், அரை மணி நேரம் அடித்தும் வண்டி பிடிக்காது.

6. ஆயிலும் தண்ணீரும்

சம்ப் (இஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் சட்டி) பிளக்கைத் திறக்கும்போது முதலில் வருவதைக் கவனியுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் தெளிவாக வந்துவிட்டுப் பிறகு ஆயில் வந்தால் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது, புகைக்குழாய் வாய் வழியாகவே வந்திருக்கலாம். மோர் மாதிரி வெளுத்த ஆயில் வந்தால் ஹெட் கேஸ்கட்டையும் பிளாக்கையும் சந்தேகப்படுங்கள்.

ரேடியேட்டரில் எங்கள் ஊர் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்புத் தண்ணீர். பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளைதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிந்து அடைக்கிறது. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள கோர் பிளக்குகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், அரித்திருந்தால் அங்கேயே உள்ளே போகும். இப்போது போனால் நல்லது.

7. முதல் ஸ்டார்ட்

சக்கரத்துக்கு நாலு பக்கமும் கட்டை. கியர் நியூட்ரல். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். ஒருவர் ஏர் இன்டேக் வாயருகே, அதை முழுக்க மூடும் அளவுக்கு ஒரு தட்டைப் பலகையோடு நிற்க வேண்டும். இஞ்சின் ஓட்டம் பிடித்து ஓடினால் காற்றை அடைப்பது ஒன்றுதான் வழி. கையாலோ துணியாலோ மூடினால் உள்ளே இழுத்துவிடும்.

பழைய ஒயரிங்கை நம்பாமல், வெளிப் பேட்டரியிலிருந்து தடித்த கேபிளை நேராக செல்ஃபுக்குக் கொடுங்கள். செல்ஃப் தகட்டில் 12 வோல்டா 24 வோல்டா என்று பார்த்த பிறகுதான்.

ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டே பத்து வினாடி சுற்றுங்கள், அரை நிமிடம் செல்ஃபை ஆறவிடுங்கள், மறுபடி சுற்றுங்கள். ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை இதுதான். பேரிங்கில் ஆயில் இல்லாமல் முதல் வெடியை வாங்கினால் இத்தனை நாள் பட்ட பாடு வீண். முள் எழுந்ததும் கம்பியை விடுங்கள்.

பிடித்துக்கொண்டால் கைதட்ட நேரமில்லை. ஆயில் பிரஷர், ஒழுகல், தண்ணீர் சூடு, இந்த வரிசையில் பாருங்கள். வெள்ளைப் புகை ஐந்து பத்து நிமிடத்தில் குறைய வேண்டும். நீலம் என்றால் ரிங், ஒட்டிய ரிங் சிலநேரம் ஓட ஓட விட்டுக்கொடுக்கும். சூடான பிறகும் வெள்ளை குறையாமல் ரேடியேட்டரில் குமிழியும் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

8. கிளட்ச், கியர், ஹவுசிங்

கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு துருவால் ஒட்டியிருப்பது சகஜம். மிதியை முழுக்க அமுக்கி, சீட்டுக்கும் மிதிக்கும் நடுவே ஒரு கட்டை முட்டுக் கொடுத்து மூன்று நாள் விடுங்கள். விடவில்லை என்றால் கியர் பாக்ஸை இறக்குங்கள். கியரில் போட்டுச் சுவரில் முட்டி விடுவிக்கிற வித்தையெல்லாம் என் வாசலில் நடப்பதில்லை.

கியர் பாக்ஸ், ஹவுசிங் (பின் ஆக்சிலின் நடுவில் உள்ள கியர் கூடு) ஆயிலை வடித்து, பிளக் நுனியில் இரும்புத் தூள் பசை மாதிரி இருந்தால் சரி, துண்டாக இருந்தால் திறக்க வேண்டும். புரபெல்லர் ஷாஃப்ட் கிராஸ், ஷாக்கிள், கிங் பின் நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியே வந்து புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள்.

9. ஒயரிங்

எலி கடித்ததை ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள், முழுசாக மாற்றுங்கள். லாரியில் ஒயர் கொஞ்சம்தான், இரண்டு நாள் வேலை. பேட்டரிக்கு ஒரு கட்-அவுட் ஸ்விட்ச், ஒவ்வொரு லைனுக்கும் ஃபியூஸ். எர்த் கேபிள் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். ‘செல்ஃப் வீக்’ என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் எர்த்தில்தான் கோளாறு.

10. பாடியும் பெயிண்டும்

மரச் சட்டத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். கரையான் வெளித்தோலை விட்டுவிட்டு உள்ளே மட்டும் தின்றிருக்கும். தகரத்தில் துருவின் மேலேயே பட்டி பூசினால் ஒரு மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி எழும்பும். வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வையுங்கள்.

பெயிண்டை ஆடி மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆடிக் காற்று கொண்டுவருகிற புழுதி முழுக்க ஈரப் பெயிண்டில் உட்காரும். சித்திரை மத்தியானமும் ஆகாது, தகரம் சுட்டால் பெயிண்ட் பரவும் முன்னே காய்ந்து தோல் சுருங்கும். தை, மாசியில் பனி விலகிய பிறகு காலை வேளை தோது.

11. முதல் ஓட்டமும் அதன் பிறகும்

முதல் ஓட்டம் காலி வண்டியாக, ஐந்து கிலோமீட்டர். நிறுத்தி, ஒவ்வொரு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்தில் பேரிங் இறுக்கம் அல்லது பிரேக் உரசல். ஆயிரம் கிலோமீட்டருக்குக் காத்திராமல் முதல் ஆயிலை இருநூறிலேயே மாற்றுங்கள், கரைந்த கசடு முழுக்க அதில் வந்திருக்கும். வீல் நட்டை ஐம்பது கிலோமீட்டரில் மறுபடி இறுக்குங்கள். புது பெயிண்ட் தடவிய டிஸ்க் முகம் அமுங்கி நட் தளர்ந்துவிடும்.

ஓட்டாமல் வைத்திருக்கிறவர்கள் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கிறார்கள். அதைவிட ஸ்டார்ட் பண்ணாமலே இருக்கலாம். சூடேறாத இஞ்சினில் ஈரம் ஆயிலோடு சேரும், கரி படியும். மாதம் ஒருமுறை ரிங் ரோட்டில் முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள், தண்ணீர் முள் நடுவுக்கு வந்து நிற்கட்டும். திரும்பி வந்து நிறுத்தியதும் காற்று டேங்கின் அடி வால்வைத் திறந்து விடுங்கள். உஸ்ஸென்று தண்ணீரும் காற்றும் போய், கடைசியில் வெறும் காற்று மட்டும் வந்த பிறகு மூடுங்கள்.